நவரை நாற்றங்காலில் கட்டிய வலை

இது இரண்டு பொங்கலுக்கு முன் நடந்தது. ஏரியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். தாம்பரத்துக்கு மேற்கே, படப்பை தாண்டி, இன்னமும் ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

மாட்டுப் பொங்கல் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்காக நானும் என் பழைய மாணவன் ஒருவனும் போயிருந்தோம். வேலையில் இருந்த காலத்திலேயே பள்ளிப் பிள்ளைகளை அந்த ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கம். அதனால் ஊரில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'. பனி இறங்கிக் கிடந்தது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம், ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலைத் தொட்டு நின்றது. சில கழனிகளில் சம்பா அறுவடைக்குச் சாய்ந்திருந்தது. மற்றவற்றில் சம்பாவுக்கு அடுத்துப் போடும் நெல்லான நவரைக்குச் சேறடித்து, பரம்புப் பலகை ஓட்டிச் சமன் செய்து, தண்ணீர் கட்டியிருந்தார்கள்.

முதலில் காதில் விழுந்தது சீழ்க்கைதான். சீழ்க்கைச்சிறகி ராத்திரியில் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் ஏரிக்குத் திரும்பும் வாத்து. அந்தப் பக்கத்தில் சிறவி என்பார்கள். திரும்பும்போது கூட்டமே விசிலடித்துக்கொண்டு தலைக்கு மேலே கடந்து போய்விடும். அன்றைக்குச் சத்தம் நகரவே இல்லை. ஒரே கழனிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு வரப்புகளில் மூங்கில் கழி ஊன்றி, மீன் பிடிக்கிற மெல்லிய நரம்பு வலையை ஆள் உயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டியிருந்தது. பனி ஈரத்தில் அந்த வலை கண்ணுக்கே தெரியவில்லை. வெறும் காற்றில் பறவைகள் தொங்குவது போல இருந்தது. பக்கத்தில் போனபோது ஒரு சிறவி தலையைத் தூக்கிப் பார்த்தது. நரம்பு இறக்கையின் மூட்டுக்குள் இறங்கி, தோலை அறுத்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அது அடித்துக்கொள்ளக்கூட இல்லை. வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. மேலே சுற்றிய கூட்டம்தான் கத்திக்கொண்டே இருந்தது.

வரப்பில் மூன்று பேர் நின்றார்கள். அறுபது தாண்டிய பெரியவர் ஒருவர், இருபது இருபத்திரண்டு வயதில் ஒரு பையன், கையில் மண்வெட்டியோடு கழனிக்காரர். மூவரையுமே எனக்குத் தெரியும். அதுதான் அன்றைக்குப் பெரிய சங்கடம்.

சாக்கில் ஏற்கெனவே பிடித்தவை இருந்தன. உயிரோடு இருந்த வாத்துகளின் இரண்டு இறக்கைகளையும் முதுகின் மேல் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிப் பின்னிப் போட்டிருந்தார்கள். கயிறே வேண்டாம், பறவை தானாகப் பிரித்துக்கொள்ள முடியாது. வலையிலும் சாக்கிலுமாக எண்ணினோம். சிறவி பதினான்கு, அதில் ஒன்பது உயிரோடு. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வந்த நீலச்சிறகி இரண்டு. மடையான் என்கிற குளத்துக் கொக்கு ஒன்று. கடைசியாக, வலையின் மேல் ஓரத்தில், இறக்கையை விரித்தபடி செத்துப்போன ஒரு கூகை.

அந்தக் கூகையைப் பார்த்ததும் கழனிக்காரர் முகம் மாறியது. எலி பிடிக்க ராத்திரியில் ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வேளாண்மை அலுவலர் சொல்லிக் கொடுத்தபடி, அவரே கழனி நடுவில் கழியின் தலையில் குறுக்குக் கட்டை கட்டி நான்கு இடத்தில் நட்டு வைத்திருந்தார். அதில் உட்கார வந்ததுதான் அது. கையில் வாங்கிப் பார்த்தார். "இது நம்ம கூகையாச்சே" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

*நாற்றங்கால் கணக்கு*

வலையைக் கட்டியது பெரியவரும் பையனும். கட்டச் சொன்னதே கழனிக்காரர்தான். என்னிடம் மறைக்கவும் இல்லை.

"டீச்சர், உங்களுக்கு வருசத்துல ரெண்டு நாளு. எனக்கு தெனம் ராத்திரி. போன வாரம் நாத்து விட்டேன். ரெண்டு ராத்திரில பாதி காலி. மறுபடி விதை வாங்கி மூட்டம் போட்டு மொளகட்டி விட்டேன். அதுலயும் இறங்குது. நான் யாருகிட்ட போயி சொல்றது?"

அவர் சொன்னது பொய்யில்லை, நானே நாற்றங்காலைப் பார்த்தேன். ஒரு ஏக்கர் நடுவதற்கு ஏறத்தாழ எட்டு சென்ட் நாற்றங்கால் வேண்டும். குறுகிய கால ரகமாக இருந்தால் இருபத்தைந்து கிலோ அளவுக்கு விதை போகும். ஊறவைத்து, முளைகட்டி, சேற்றின் மேல் தூவின விதை அது. தண்ணீர் மெல்லிசாக நிற்க, விதை மேலாகக் கிடக்க, சிறவிக்கு இலை போட்டு வைத்த மாதிரி. தின்பது ஒரு பங்கு என்றால் மிதித்துச் சேற்றில் அமுக்குவது இன்னொரு பங்கு. தட்டையான கால் தடம் கோலம் போட்டது போல நாற்றங்கால் முழுக்கப் பதிந்திருந்தது. விதைக்கு ஆன செலவைவிட நாள் போவதுதான் அவருக்கு வலி. நவரை பத்து நாள் தள்ளிப்போனால் கதிர் வரும் நேரம் ஏரியில் தண்ணீர் இருக்காது.

பறவை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் வேடந்தாங்கலை இழுத்துவிடுவோம். "பாருங்கள், அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்" என்போம். வேடந்தாங்கல் உண்மையிலேயே நமக்குப் பெருமைதான். துரைமார் ஏரியில் வந்து சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. ஆனால் அங்கே மரத்தில் கூடு கட்டுகிற நாரையும் கொக்கும் நீர்க்காகமும் பெரும்பாலும் மீனும் நத்தையும் தின்பவை. அவற்றின் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து கழனிக்கு உரமாகப் போகிறது. பறவைக்கும் விவசாயிக்கும் அங்கே கணக்கு நேராகிவிடுகிறது. இந்த ஊரில் வாத்து விதையைத் தின்கிறது. இவரிடம் போய் வேடந்தாங்கலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது நியாயமில்லை. அன்று காலை அதை நானும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

*நான் செய்தது*

வனத்துறைக்குப் போன் செய்தேன். பிறகு நானும் மாணவனும் உயிரோடு இருந்தவற்றின் பின்னலைப் பிரித்தோம். நான்கு பறந்தன. ஒன்று தண்ணீரில் இறங்கி நீந்தியது. மற்றவற்றின் இறக்கை போயிருந்தது. ஒன்று என் துப்பட்டாவுக்குள்ளேயே அடங்கிப் போனது. வாத்து சாகும்போது கழுத்து முதலில் கனக்கிறது. அதுவரை கையில் இருப்பதே தெரியாத கழுத்து.

பண்டிகை நாளிலும் இரண்டு மணி நேரத்துக்குள் வனக்காவலர்கள் வந்துவிட்டார்கள். அதுவரை பெரியவரும் பையனும் ஓடவில்லை. பெரியவர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கழனிக்காரர் மட்டும், "வலை கட்டினது எனக்குத் தெரியாது, விடிஞ்சி வந்துதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார், மறுத்துப் பேசவில்லை. அறுப்பு முடிந்ததும் வரப்பில் எலி பிடிப்பது, களையெடுப்பது, அண்டை வெட்டுவது என்று வருடம் முழுக்க அவர் குடும்பத்துக்கு வேலை கொடுப்பது அந்தக் கழனிதான். காவலர்கள் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியவரையும் பையனையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு வேறு. வலைக்கு முன்னால் அந்த இருவரும் முகம் தெரிய நிற்கிற படம் ஒன்றை எடுத்து, எங்கள் பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோபத்தில் போட்டது. சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ சுற்றி, 'நரிக்குறவர் கும்பல் பிடிபட்டது' என்ற தலைப்போடு என் தங்கையின் போனிலிருந்தே எனக்குத் திரும்பி வந்தது. அவர்கள் நரிக்குறவர்கள் இல்லை. பறவை செத்துக் கிடந்தால் யார் என்ற கேள்விக்குச் சென்னையில் பாதிப் பேர் பதிலை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். அதற்குத் தீனி போட்டது என் படம். பையனின் அம்மா படப்பையில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். படத்தை அழிக்கச் சொல்லிக் குழு குழுவாகக் கெஞ்சினேன். போன படம் போனதுதான்.

அதனால்தான் இந்த எழுத்தில் ஒரு பெயரும் இல்லை.

*சட்டம்*

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991இல் கொண்டுவந்த திருத்தம் அதை மூடிவிட்டது. பொழுதுபோக்குக்காக வாத்து சுடுவதற்கு இந்தியாவில் இன்று யாருக்கும் உரிமம் கிடையாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனை கூடியது. சட்டத்தின் கண்ணில் 'வேட்டை' என்றால் சுடுவது மட்டுமல்ல. வலை, கண்ணி, விஷம் வைத்த நெல், இரை போட்டு இழுப்பது, இதில் எதற்காவது முயன்றாலும் வேட்டைதான். பறவை சிக்காத வலையும் குற்றம்.

'என் பட்டா நிலம்' என்பதும் செல்லாது. இதை நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் நம்புவதில்லை. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில் இன்னொரு வழி இருப்பதும் யாருக்கும் தெரியாது. பயிருக்கு நாசம் வந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணம் எழுதி வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாம். எங்கள் ஏரிப்பக்கத்தில் வாத்துக்காக அப்படி ஒருவர் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்காக அனுமதி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மனு போயிருந்தால், நாற்றங்கால் அழிகிறது என்பது யாராவது ஒருவரின் மேசைக்குப் போயிருக்கும்.

பெரியவரும் பையனும் சில நாளில் வெளியே வந்தார்கள். அபராதம் கட்டி வழக்கு முடிந்தது. அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியது.

*பெரியப்பாவின் விதி*

எனக்கு இந்த விஷயத்தில் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் உரிமத் துப்பாக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பரம்பாக்கம் பக்கம் தண்ணீர் நிற்கிற கழனிகளில், சேற்றில் மேயும் சின்னப் பறவையான உள்ளானைச் சுடப் போவார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மெட்ராஸ் சுற்றுவட்டாரத்துக் கழனிகள் உள்ளான் வேட்டைக்குப் பேர்போனவை. எங்கள் வீட்டுக்கும் நான்கு வரும். மிளகு போட்டு வறுப்பார்கள், நானும் தின்றிருக்கிறேன்.

அவரிடம் இரண்டு விதி இருந்தது. உட்கார்ந்திருப்பதைச் சுடக் கூடாது. விழுந்ததைத் தேடி எடுக்காமல் வீட்டுக்கு வரக் கூடாது. ஒரு தடவை விழுந்தது கிடைக்காமல், இருட்டும் வரை முழங்கால் சேற்றில் தேடிவிட்டு, அந்த வாரம் எங்களுக்கு எதுவும் கொடுக்காமல், சாப்பிடாமல் படுத்துவிட்டார். பெரியம்மா பல வருடம் கழித்துச் சொன்னது இது.

அவர் செய்தது சரி என்று நான் இன்று சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டைக்கு ஒரு தர்மம் உண்டு என்று நம்பிய ஆள் அவர். அந்தத் தர்மத்தை வைத்தே இந்த வலையை அளந்து பாருங்கள். ராத்திரியில், மேயப் போகும் வழியில், கண்ணுக்குத் தெரியாத நரம்பு. எது சிக்குகிறது என்று கட்டியவருக்கே தெரியாது. வாத்துக்குக் கட்டியதில் எலி பிடிக்கிற கூகை செத்தது. சிக்கியது சாகவே மணிக்கணக்காகும். தப்பிப் போனாலும் மூட்டு அறுந்து ஏரிக் கோரையில் கிடந்து சாகும், அதை யாரும் தேடப்போவதில்லை. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னைவிட அவர்தான் கொதித்திருப்பார்.

*அங்கேயும் தண்ணீர் கட்டிய கழனிதான்*

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒருவர் அமெரிக்காவைச் சொல்வார். என் சித்தி மகனே சொன்னான். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறான். "அங்க நெல்லு வயல்லதான்க்கா வாத்து சுடுறாங்க, கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குது, வாத்தும் லட்சக்கணக்குல இருக்கு, நம்மளும் அப்படி வெக்கலாமே" என்றான். நல்ல கேள்விதான். கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன்.

சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கரில் நெல் விளைகிறது. அறுவடை செப்டம்பர், அக்டோபரில். முன்பெல்லாம் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவார்கள். புகை தாங்காமல் 1991இல் சட்டம் போட்டு, கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வைக்கோலை என்ன செய்வது? வயலில் தண்ணீர் கட்டி அழுகவிட ஆரம்பித்தார்கள். வடக்கேயிருந்து குளிருக்கு வரும் வாத்துகள் அந்தத் தண்ணீரில் இறங்கி, உதிர்ந்த நெல்லைத் தின்று, வைக்கோலை மிதித்துச் சேற்றோடு கலந்தன. விவசாயிக்கு ஆதாயம். அந்த வயல்களில் மறைப்புக்குள் உட்கார்ந்து சுடுவதற்குக் குத்தகை கொடுத்தால் இன்னொரு ஆதாயம்.

சுடுவதற்கும் கட்டுப்பாடு நிறைய. சூரியன் உதிக்க அரைமணி முன்பிருந்து அஸ்தமனம் வரைதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஏழு வாத்து, சில இனங்களில் அதைவிடக் குறைவு. துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயக் குண்டு 1991இலிருந்து நாடு முழுக்கத் தடை. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஈயத்தை வாத்து இரையை அரைக்க விழுங்கும் சிறு கல் என்று நினைத்து விழுங்கி, அது வயிற்றில் அரைபட்டு, விஷமேறிச் செத்ததால் வந்த தடை அது. வழக்கமான அறுவடையில் சிந்திய நெல்லுக்கு மேலே சுடலாம். ஆசைகாட்ட என்று தானியம் போட்டிருந்தால் சுடக் கூடாது, போட்டதை முழுக்க அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த இடத்தில் சுடக் கூடாது. விழுந்த பறவையைத் தேடி எடுக்க முயல்வதும் சட்டப்படி கடமை. பெரியப்பாவின் இரண்டாவது விதி அங்கே சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. ஆனாலும் தம்பி சொல்வது இங்கே பொருந்தாது. தண்ணீர் கட்டிய நெல்வயல் என்று இரண்டுக்கும் பேர் ஒன்றுதான், காலம் வேறு. அங்கே அறுவடை முடிந்து தண்ணீர் கட்டுகிறார்கள், வாத்து மிச்சத்தைத் தின்கிறது. இங்கே நாற்று விடத் தண்ணீர் கட்டுகிறார்கள், வாத்து விதையைத் தின்கிறது. அங்கே விவசாயி வாத்து வரட்டும் என்று பார்த்திருக்கிறார், இங்கே வந்துவிடப் போகிறதே என்று தூங்காமல் கிடக்கிறார். இதே ஊரில் சம்பா அறுத்த தாளடியில் ஊர் ஊராக மேய்ச்சலுக்கு வரும் வளர்ப்பு வாத்துக் கூட்டத்தை இதே கழனிக்காரர் சந்தோஷமாக இறக்கிவிடுகிறார். வாத்து என்றால் அவருக்கு வெறுப்பில்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஒரு வாத்து சுடலாமா ஏழு சுடலாமா என்று அங்கே யாரும் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. 1955இலிருந்து ஏறத்தாழ வருடாவருடம் வாத்துகள் குஞ்சு பொரிக்கும் பகுதிகளில் விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து அடுத்த பருவத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். பதினாறு வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய வாத்துத் தபால்தலை 1934இலிருந்து இருக்கிறது, அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. நம் ஏரிகளில் வனத்துறையின் கணக்கெடுப்பும், என்னைப் போன்றவர்கள் டார்ச்சோடு வரப்பில் நின்று போடுகிற கணக்கும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, இத்தனை எடுத்தால் மீதி தாங்கும் என்று எந்த மனசாட்சியுள்ள ஆளும் சொல்ல முடியாது. எத்தனை இருக்கிறது என்று தெரியாத பானையிலிருந்து அள்ளுவது தர்மமாகாது. அதனால் உரிமம் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தடை இப்படியே இருக்கட்டும்.

*சாக்கு போன இடம்*

பிடித்தவருக்கு ஜோடி முந்நூறு ரூபாய். பெரியவரே பின்னால் சொன்னார். ஒரு பைக் வரும், சாக்கை எடுத்துக்கொண்டு போகும், ஊருக்குள் போனால் மூன்று மடங்கு. மறுநாள் காணும் பொங்கல், கறி வாங்காத வீடு குறைவு. அதற்காகத்தான் அந்த ராத்திரி வலை அத்தனை நீளம். இரண்டு தலைமுறையாக நாற்றங்காலில் வாத்து இறங்குகிறது. அதற்கு யாரும் வலை கட்டவில்லை, தகரம் தட்டினார்கள். வாங்க ஆள் வந்த பிறகுதான் வலை வந்தது.

வாங்குகிற ஆளைத் தேடி நான் எங்கும் போகவில்லை. எங்கள் அடுக்குமாடியிலேயே ஒருவர் இருக்கிறார். பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர். கொஞ்ச நாள் கழித்து மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, "காட்டு வாத்து மூட்டு வலிக்கு நல்லதுங்க, தெரிஞ்ச பையன் கொண்டாந்து குடுப்பான்" என்றார். நான் அந்தக் காலையைச் சொன்னேன். வலை, பின்னின இறக்கை, கூகை, ஜீப், வட்டிக்கு வாங்கின பணம் எல்லாம். கேட்டுவிட்டு, "நான் காசு குடுத்துதானே வாங்கினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் உள்ள போயிட்டானா?" என்று கேட்டார்.

இந்த வழக்கில் ஜீப்பில் ஏறியவர்கள் இரண்டு பேர். வலைக்குக் காரணமானவர்கள் குறைந்தது ஐந்து பேர்: கட்டியவர்கள், கட்டச் சொன்னவர், எடுத்துப் போனவர், தின்றவர். வேட்டையின் தர்மம் பற்றிச் சென்னையில் பேசுகிற எல்லோரும் முதலாமவரிடமே நின்றுவிடுகிறோம். அவர்தான் கைக்கு எட்டும் தூரத்தில், ஏழையாக, சேற்றில் நிற்கிறார். வளர்ப்பு வாத்துக் கறி காசு கொடுத்தால் கிடைக்கிறது. அதைத் தின்பவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காட்டு வாத்துதான் வேண்டும் என்பவர், விஷ நெல் தின்று செத்ததா வலையில் செத்ததா என்றுகூடத் தெரியாத ஒன்றை வாயில் வைக்கிறார். மருந்து என்று நினைத்து வைக்கிறார்.

*அடுத்த தை*

மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் போனேன். பையனின் அம்மா கதவுக்கு வெளியே நின்றே பேசினார். காபி கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோது உட்காரச் சொன்னார்.

கழனிக்காரரிடம் பேச ஒரு வருடம் ஆனது. அடுத்த நவரைக்கு முன்னால் பக்கத்து நான்கு பேர் சேர்ந்து, தனித்தனியாக விடுகிற நாற்றங்காலை ஒரே இடத்தில், ஏரிக்குத் தள்ளி, மோட்டார் கொட்டகையை ஒட்டி விட்டார்கள். யோசனை அவர்களுடையதுதான். எங்கள் குழுவில் பணம் திரட்டினோம், பழைய புடவைகளும். சுற்றிலும் மூங்கில் நட்டுப் புடவை கட்டினோம். குறுக்கே மினுக்குகிற நாடா இழுத்தோம். விதை தூவிய முதல் சில நாள் ராத்திரியில் தண்ணீரை வடித்து வைத்தார்கள். தண்ணீர் மினுங்காத இடத்தில் சிறவி சட்டென்று இறங்காது என்று சொன்னது பெரியவர். அவருக்குத் தெரியாதா. ராத்திரிக் காவலுக்கு அவரையே கேட்டோம், கூலி பேசி. முதலில் முடியாது என்றார். பிறகு இரண்டு ராத்திரி வந்தார், மற்ற ராத்திரிகளுக்கு வேறு ஆள். பையன் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் வேலைக்குப் போய்விட்டான், எங்களோடு பேசுவதில்லை.

முழுக்கத் தப்பியதா என்றால் இல்லை. ஒரு மூலையில் புடவை சரிந்து, அந்தப் பக்கம் ஒரு பாத்தி போனது. மறுபடி விதைக்கிற அளவுக்கு இல்லை. கழனிக்காரர் அதைக் காட்டி, "போன வருசத்துக்கு இது பரவால்ல டீச்சர்" என்றார். கூகைக்குக் கட்டின கட்டையில் ஒன்றைப் புதிதாக நட்டிருந்தார்.

பெரியவர் வந்த இரண்டாவது ராத்திரி நானும் மாணவனும் கொட்டகையில் இருந்தோம். பதினோரு மணி வாக்கில் ஏரிக் கரையிலிருந்து சீழ்க்கை கிளம்பியது. பெரியவர் தகரத்தைக் கையில் எடுத்தார், தட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே நகர்ந்தது.

"அறுத்த கழனிக்குப் போவுது" என்றார். "அம்பது அறுவது இருக்கும். எழுதிக்கோம்மா."

மாணவன் எழுதிக்கொண்டான்.